வெளிய மதிலழகு, உள்ள நோ சிக்னல்: ஒரு 3060 கார்டும் கும்பகோணத்து மாடிக் கடையும்

மொதல்ல ஸ்டாரை சொல்லிடுறேன். கம்ப்யூட்டருக்கு வாங்குன கிராஃபிக்ஸ் கார்டுக்கு நாலு, கும்பகோணத்து சர்வீஸ் கடைக்கு நாலரை, எனக்கு ஒன்னு, அதுவும் பாவம் பாத்து போட்டது. நாலு மாசம் ஆச்சு வாங்கி, ரிவ்யூ போடணும் போடணும்னு தள்ளிக்கிட்டே போயி இப்பதான் நேரம் கெடச்சுது, முகூர்த்த சீசன்ல எடிட்டர் பொழப்பு எப்படின்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும்.

நான் மன்னார்குடில வீட்ல உக்காந்தே கல்யாண வீடியோ எடிட் பண்றேன். ஸ்டுடியோக்காரங்க ஹார்ட் டிஸ்க்ல ஃபுட்டேஜ் குடுத்து விடுவாங்க, நான் கட் பண்ணி கலர் போட்டு திருப்பிக் குடுக்கணும். மிஷின் பழசு, ஐ5 6500, எச்110 மதர்போர்டு, 16 ஜிபி ராம், தனி கார்டே கெடையாது, ப்ராசசருக்குள்ள இருக்குற இன்டெல் கிராஃபிக்ஸ்லயே ஏழெட்டு வருஷம் ஓட்டிட்டேன். ரெண்டு மணி நேர கல்யாணப் படத்த ராத்திரி ரெண்டர், அதான் எடிட் பண்ணத முழு வீடியோவா மாத்துற வேலை, போட்டுட்டு படுத்தா காலைல காபி குடிக்கிறப்ப முடியும், நடுவுல கரண்ட் போச்சுன்னா மொதல்லேர்ந்து. ஆடி மாசம் கல்யாணம் இல்ல, கைல வேலை கம்மி, இப்பவே மாத்திடுவோம்னு ஆன்லைன்ல ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு ஒன்னு போட்டேன். இருபத்தஞ்சாயிரத்து சொச்சம் ஆச்சு, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேத்து. எந்த கம்பெனி கார்டு, எங்க வாங்குனதுன்னு போடல, ஏன்னா கடைசில அவங்க மேல தப்பே இல்ல, பேர் போட்டா பாதி படிச்சுட்டு திட்ட ஆரம்பிச்சிடுவீங்க.

பார்சல் வந்தது ஆடிப்பெருக்குக்கு மொத நாள். அம்மா, "நாளைக்கு பதினெட்டு, நாளைக்குப் பிரி, தொடங்குனது பெருகும்"னாங்க. சரின்னு காலைல சித்ரான்னம் எல்லாம் சாப்ட்டுட்டு பெட்டிய பிரிச்சேன். பெருகுச்சு. கார்டு இல்ல, பிரச்சனை.

கார்டை ஸ்லாட்ல சொருகியாச்சு, கிளிக்னு சத்தம் வந்துச்சு, ஸ்க்ரூ முடுக்கியாச்சு, பழைய எஸ்எம்பிஎஸ்ல, அதான் உள்ள எல்லாத்துக்கும் பவர் குடுக்குற பெட்டி, கருப்பா ஒரு 6 பின் வயர் சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு, கார்டுல 8 ஓட்டை, 6 பின் அதுல ஒரு ஓரமா அழகா உள்ள போச்சு, ரெண்டு ஓட்டை காலியா நின்னுச்சு. சரி இருக்கட்டும்னு ஆன் பண்ணேன். ரெண்டு ஃபேனும் காத்தாடி மாதிரி ஃபுல் ஸ்பீடுல சுத்துது, கேபினட்ல லைட் எரியுது, கீபோர்டு லைட் எரியுது, மானிட்டர்ல நோ சிக்னல். அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல மானிட்டர் தூங்கப் போயிடுச்சு. "மன்னார்குடி மதிலழகு"ன்னு சும்மாவா சொன்னாங்க, வெளிலேர்ந்து பாக்க எல்லாம் ஜோரா இருக்கு.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் பண்ணுன கூத்த வேகமா சொல்லிடுறேன், இதுல பாதி நீங்களும் பண்ணியிருப்பீங்க. எச்டிஎம்ஐ வயர் மாத்துனேன். மானிட்டர்ல சோர்ஸ் மாத்துனேன். வீட்டு டிவில சொருகிப் பாத்தேன். ராம கழட்டி ரப்பர் போட்டு தேச்சேன், நம்மூர்ல இது ஒரு சடங்கு, மவுஸ் வேலை செய்யலன்னாலும் ராம தேய்ப்போம். கார்டோட தங்கக் கலர் காலையும் லேசா தேச்சேன். சிமாஸ் பேட்டரிய, அதான் அந்த காயின் மாதிரி சிஆர் 2032, கழட்டி அஞ்சு நிமிஷம் வச்சுட்டுப் போடுன்னு ஃப்ரெண்டு சொன்னான், நான் பண்ணல, பயாஸ்ல, அதான் விண்டோஸுக்கு முன்னாடி போர்டு பாக்குற செட்டிங்ஸ்ல, ஏதோ பண்ணி வச்சிருக்கோமே போயிடுமேன்னு பயம். இந்த பயத்த ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அப்பறம் வயர போர்டோட எச்டிஎம்ஐல சொருகுனேன். டிஸ்ப்ளே வந்துடுச்சு! விண்டோஸ் நல்லா ஓடுது, டிரைவர் எறக்கிப் போட்டேன், டிவைஸ் மேனேஜர்ல போய் பாத்தா 3060ன்னு பேர் இருக்கு, பக்கத்துல மஞ்சக் கலர்ல ஆச்சரியக்குறி, உள்ள போனா கோட் 43. நெட்ல தேடுனா கோட் 43ன்னா டிரைவர் பிரச்சனையா இருக்கலாம் இல்லாட்டி கார்டே போயிருக்கலாம்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்னு சொல்றாங்க. ஊர்ல சிஸ்டம் பாக்குற தெரிஞ்சவர் ஒருத்தர கூப்ட்டேன். வந்தாரு, பாத்தாரு, "போர்டுல டிஸ்ப்ளே வருது, கார்டுல வரல, அப்ப கார்டு டெட்டு தம்பி, ரிட்டர்ன் போட்டுடு"ன்னாரு. அந்த ரெண்டு காலி ஓட்டைய காமிச்சு கேட்டதுக்கு "அது சும்மா எர்த்து, 6 பின்னே போதும்"னாரு. காபி குடிச்சாரு, காசு வாங்கல, அதனால கோவப்படவும் முடியல.

ரிட்டர்ன் போட ஏழு நாள் டைம், அதுல மூணு நாள் போச்சு. ரிட்டர்ன் பட்டன அமுக்கப் போறப்பதான் கும்பகோணத்துல ஒரு ஸ்டுடியோ அண்ணன் ஃபோன்ல, "டேய் அமுக்காத, நாகேஸ்வரன் கோயில் பக்கத்துல ஒரு மாடிக் கடை இருக்கு, மொதல்ல அவர்ட்ட காட்டு"ன்னாரு. கடை பேர நான் போடல, அவரே வேணாம்னுட்டாரு, பேர் போட்டா செல்ஃபோன் டிஸ்ப்ளே மாத்துவீங்களான்னு கேட்டு நூறு கால் வருதாம்.

ஃப்ரெண்டு கார்ல சிபியுவ பின்சீட்டுல வச்சு பெல்ட் போட்டு, கார்டை தனியா கழட்டி அதோட பெட்டிலயே வச்சு மடில எடுத்துக்கிட்டேன் (இத கண்டிப்பா பண்ணுங்க, வெயிட்டான கார்ட போர்டுலயே விட்டுட்டு நம்ம ரோட்டுல போனா ஸ்லாட்டு பேந்துடும்). நீடாமங்கலம் ரயில்வே கேட்டு வழக்கம் போல மூடிக் கெடந்துச்சு, அத பத்தி எழுதுனா அதுவே தனி ரிவ்யூ ஆயிடும், ஒரு ஸ்டார் கூட குடுக்க மாட்டேன். வலங்கைமான் தாண்டி கும்பகோணம் போய் சேர பன்னெண்டு ஆயிடுச்சு. மாடிப்படி செங்குத்து, சிபியுவ தூக்கிட்டு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு.

கடைக்கார அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும், லுங்கி, கண்ணாடிய நெத்தில ஏத்தி விட்டிருந்தாரு. நான் கதைய ஆரம்பிச்சேன், கைய காட்டி நிறுத்தினாரு. "கார்ட குடுங்க." அவ்ளோதான் பேச்சு. டேபிள் மேல கேபினட் இல்லாம வெறும் போர்டா ஒரு டெஸ்ட் செட்டப் வச்சிருக்காரு, அதுல சொருகி, 8 பின் வயர் குடுத்து, ஸ்விட்ச்ச ஷார்ட் பண்ணாரு. பத்து எண்ணுறதுக்குள்ள டிஸ்ப்ளே. எனக்கு உயிர் வந்துச்சு. "கார்டு நல்லாருக்கு. இப்ப உங்க சிபியுவ தெறங்க."

தெறந்து பாத்ததும் அந்த 6 பின்ன பாத்துட்டாரு, மூஞ்சிலயே தெரிஞ்சுது, ஆனா ஒன்னும் சொல்லல. கார்ட மறுபடி என் மிஷின்ல அதே 6 பின்னோட போட்டாரு, போர்டோட எச்டிஎம்ஐல மானிட்டர சொருகி நேரா பயாஸுக்குள்ள போனாரு. "கார்டு போட்டிருக்கீங்க, ஆனா போர்டுலேர்ந்து படம் வருது. இது எதனாலன்னு யோசிச்சீங்களா?"ன்னாரு. நான் முழிச்சேன். பொதுவா இந்த மாதிரி போர்டுல கார்டு சொருகுனா, போர்டு கார்டுக்கு வழி விட்டுட்டு தன்னோட அவுட்புட்ட நிறுத்திக்கும். கார்டு உள்ள இருந்தும் போர்டுல படம் வருதுன்னா ரெண்டு காரணம்தான் இருக்க முடியும், ஒன்னு போர்டுக்கு கார்டே தெரியல, இல்லாட்டி பயாஸ்ல யாரோ போர்டு கிராஃபிக்ஸ்தான் மொதல்லன்னு சொல்லி வச்சிருக்காங்க. கார்டு பேரு டிவைஸ் மேனேஜர்ல வந்துடுச்சு, அப்ப ரெண்டாவதுதான்.

செட்டிங்க காட்டுனாரு. என் போர்டுல அது ஐஜிடி, பிஇஜின்னு ரெண்டு ஆப்ஷனா இருக்கு, ஐஜிடின்னா ப்ராசசருக்குள்ள இருந்து போர்டு வழியா வர்ற கிராஃபிக்ஸ், பிஇஜின்னா ஸ்லாட்ல உள்ள கார்டு. வேற போர்டுல பிரைமரி டிஸ்ப்ளே, இனிஷியல் டிஸ்ப்ளே அவுட்புட்னு பேரு மாறும். என்னோடதுல ஐஜிடி. யாரு வச்சா? நான்தான் வச்சேன்! ரெண்டு வருஷம் முன்னாடி ஃப்ரெண்டோட பழைய கார்டு ஒன்ன கொஞ்ச நாள் போட்டு வச்சிருந்தப்ப, எடிட்டிங்ல இன்டெல் குயிக் சிங்கும், அதான் இன்டெல் கிராஃபிக்ஸ்ல வீடியோவ வேகமா ஓட்டுற வசதி, சேந்து ஓடட்டும்னு எங்கேயோ பாத்து மாத்துனது, கார்டு திரும்பப் போயிடுச்சு, செட்டிங் மட்டும் தங்கிடுச்சு. அந்த காயின் பேட்டரிய அஞ்சு நிமிஷம் கழட்டியிருந்தா அதுவே பழைய நெலைக்கு போயிருக்கும். பயந்தேன்ல, அதான் பலன்.

பிஇஜின்னு மாத்தி சேவ் பண்ணி, வயர கார்டுல சொருகி ரீஸ்டார்ட் பண்ணாரு. கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்து. இங்கிலீஷ்ல, மிஷின ஆஃப் பண்ணிட்டு இந்த கார்டுக்கு பவர் வயர ஒழுங்கா குடுங்கன்னு கார்டே கேக்குது! நான் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. "மூணு நாளா அது சொல்லத்தான் தம்பி பாத்திருக்கு, நீங்கதான் பயாஸ்ல அதோட ஜன்னல சாத்தி வச்சிருக்கீங்க"ன்னாரு. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்துனதும் அதுக்குதானாம், பவர் பத்தலன்னா நெறைய கார்டு அப்படி கத்துமாம், நான் அத ஆரோக்கியம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இப்ப அந்த ரெண்டு காலி ஓட்டை. ஊர்க்காரர் சொன்னது பாதி உண்மை, அந்த ரெண்டு பின்னும் எர்த்துதான், 12 வோல்ட் அதுல வராது. ஆனா வந்திருக்கிறது 6 பின்னா 8 பின்னான்னு கார்டு கண்டுபிடிக்கிறதே அத வச்சுதான். அண்ணன் பில் புக்கோட பின்பக்கம் கணக்கு போட்டுக் காட்டுனாரு: ஸ்லாட்டு குடுக்கறது 75 வாட், 6 பின் குடுக்கறது 75 வாட், மொத்தம் 150. 3060க்கு வேணுங்கிறது 170. 8 பின்னுன்னா அது மட்டுமே 150, ஸ்லாட்டோட சேத்து 225, தாராளம். எட்டாங்கிளாஸ் கூட்டல் கணக்கு. நான் யூட்யூப்ல மூணு நாள் தேடுனது இந்த ஒரு துண்டு பேப்பர்ல முடிஞ்சு போச்சு.

சரி அண்ணே 6 பின்ன 8 பின்னா மாத்துற கன்வர்ட்டர் ஆன்லைன்ல நூத்தம்பது ரூவாய்க்கு இருக்கே, சாட்டாலேர்ந்து, அதான் ஹார்ட் டிஸ்க்குக்கு போற பவர் வயர்லேர்ந்து, எடுக்கறது கூட இருக்கேன்னேன். மொறச்சாரு. சாட்டா பவர் பின் 12 வோல்ட்ல தாங்குறது 54 வாட்தான், அதுலேர்ந்து 150 இழுத்தா பிளாஸ்டிக் உருகும், டிராயர்லேர்ந்து உருகிப்போன ஒன்ன எடுத்து டேபிள்ல போட்டாரு, கருகல் வாசனை இன்னும் லேசா இருந்துச்சு. அப்பறம் என் எஸ்எம்பிஎஸ்ஸ திருப்பி ஸ்டிக்கர காட்டுனாரு. பெருசா 450 வாட்னு போட்டிருக்கு. கீழ பொடி எழுத்துல 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்ப். 12 பெருக்கல் 18, 216 வாட். கார்டு 170, ப்ராசசர் 65, அங்கயே 235 ஆச்சு, ஹார்ட் டிஸ்க்கு ஃபேனெல்லாம் இன்னும் சேக்கவே இல்ல. கன்வர்ட்டர் போட்டு டிஸ்ப்ளே வந்திருந்தாலும் ரெண்டர் போட்ட ராத்திரி மிஷின் அணைஞ்சிருக்கும், போறப்ப போர்டையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம். பெரிய எழுத்த பாத்து எஸ்எம்பிஎஸ் வாங்காதீங்க, பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு எத்தன ஆம்ப்னு பாருங்க.

550 வாட் பிரான்ஸ் ரேட்டிங் உள்ளது ஒன்னு வச்சிருந்தாரு, 12 வோல்ட்ல 45 ஆம்ப், அதாவது 540 வாட், கிட்டத்தட்ட ஸ்டிக்கர்ல உள்ளது அப்படியே. விலை ஆன்லைன விட முந்நூறு ரூவா கூட. வாங்கிட்டேன். அவரே மாட்டி வயரெல்லாம் பின்பக்கமா கட்டி ஒழுங்கு பண்ணாரு. ஒன்னு முக்கியமா சொன்னாரு, கார்டுக்கு போற 8 பின்னும் ப்ராசசருக்கு போற 8 பின்னும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா வேற வேற, ஒன்னு 6ம் 2ம் சேந்தது, இன்னொன்னு 4ம் 4ம் சேந்தது. அமுக்கி உள்ள தள்ளிடலாம்னு பலம் காட்டுனா அவ்ளோதான்.

ஆன் பண்ணுனாரு. டிஸ்ப்ளே. எனக்கு இன்னொரு பயம் வந்துச்சு, விண்டோஸ் வந்ததும் கார்டு ஃபேன் ரெண்டும் நின்னு போச்சு. "அண்ணே ஃபேன் சுத்தல!"ன்னு கத்திட்டேன். சும்மா இருக்கறப்ப சூடு இல்லன்னா ஃபேன் நிக்கிற மாதிரிதான் இந்த கார்டு பண்ணியிருக்கானுங்களாம். சுத்துனப்ப நல்லாருக்குன்னு நெனச்சேன், நின்னப்ப செத்துடுச்சுன்னு நெனச்சேன், ரெண்டும் தப்பு.

கடைய பத்தி. செக் பண்ணதுக்கு 300 ரூவா, எஸ்எம்பிஎஸ் வாங்குனதால மாட்டுன கூலி வாங்கல, ஜிஎஸ்டி பில் குடுத்தாரு, வாரண்டிக்கு சீரியல் நம்பர பில்லுல எழுதிக் குடுத்தாரு. எனக்கு ரொம்ப புடிச்சது, ப்ராசசரையும் போர்டையும் மாத்திடவான்னு நானே கேட்டேன், விக்கிறதுக்கு அவர்ட்ட சாமான் இருக்கு, "இப்ப வேணாம், மொதல்ல இத வச்சு சம்பாரிங்க"ன்னு அனுப்பிட்டாரு. கொறைன்னா, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் கடைய சாத்திட்டு தூங்கப் போயிடுறாரு, ஃபோன எடுக்க மாட்டாரு, உக்கார ஒரே ஒரு ஸ்டூல் அதுலயும் மானிட்டர் உக்காந்திருக்கு. பேச்சு கொஞ்சம் வெடுக்குன்னு இருக்கும், எங்க வீட்ல அப்படி பேசுற ஆளுங்கள பாத்து வளந்ததால எனக்கு பழக்கம், டவுன்காரங்களுக்கு சுருக்குன்னு இருக்கலாம். அரை ஸ்டார் அந்த தூக்கத்துக்குதான் கொறச்சேன்.

கார்ட பத்தி இப்ப நாலு மாசம் கழிச்சு. ராத்திரி பூரா ஓடுன ரெண்டர் இப்ப சாயங்காலம் டீ கடைக்கு போயிட்டு வர்றதுக்குள்ள முடியுது, கலர் போட்டு நாய்ஸ் எடுத்தாலும் 12 ஜிபி இருக்கறதால மெமரி பத்தலன்னு அழறது இல்ல, இதே விலைக்கு 8 ஜிபில புது கார்டு இருந்தும் நான் இத எடுத்ததுக்கு காரணம் அதான். ஆனா எல்லா ஃபுட்டேஜும் வழுக்கிட்டு ஓடும்னு நெனச்சு வாங்காதீங்க. புது சோனி கேமராவுல 10 பிட் 4:2:2ன்னு கலர் விவரம் அதிகமா இருக்குற ஃபார்மட்ல எடுத்துட்டு வர்றாங்க, அத இந்த கார்டு ஹார்ட்வேர்ல டீகோட் பண்ணாது, மொத்த பாரமும் என் கெழட்டு ப்ராசசர் தலைலதான் விழுது, டைம்லைன் திக்குது, ப்ராக்ஸி, அதான் லேசான சின்ன காப்பி, போட்டுதான் வெட்டுறேன். ஏவி1ன்னு புது வீடியோ ஃபார்மட் ஓடுது, ஆனா ஏவி1ல எக்ஸ்போர்ட் பண்ண இதால முடியாது, அதுக்கு 40 சீரிஸாவது வேணும். கல்யாண வீட்டுக்கு பென் டிரைவ்ல குடுக்கறவங்களுக்கு அது தேவையும் இல்ல.

வீட்டுக்கு வந்தப்பறம் ஒரு செலவு வந்துச்சு, முன்கூட்டியே சொல்லிடுறேன். என்கிட்ட இருந்தது 600 விஏ யூபிஎஸ், அது தாங்குறது சுமாரா 360 வாட். ரெண்டர் ஓடுறப்ப கரண்ட் போனா யூபிஎஸ் ஒரு பீப் அடிச்சுட்டு அதுவும் சேந்து அணைஞ்சிடுது, பேட்டரியும் பழசு. நம்ம பக்கம் குறுவை சம்பான்னு மோட்டார் ஓடுற நேரத்துல லோ வோல்டேஜ் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேணாம், ட்யூப்லைட்டே கண்ணடிக்கும். 1 கேவிஏ ஒன்னு மாத்துனேன். அதோட கேபினட்ல கை வச்சா விர்ருங்கும்னு சொன்னதுக்கு அண்ணன் வீட்டு எர்த்த பாக்க சொன்னாரு, எலக்ட்ரீஷியன் வந்து கொல்லைல பழைய எர்த் குழிய தோண்டுனா வயரு அரிச்சு அறுந்தே போயிருக்கு, கஜா அடிச்ச 2018லயே போயிருக்கும் போல. உப்பும் கரியும் போட்டு புதுசா எறக்குனோம். இப்ப விர்ருங்கல.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, என் ப்ராசசர் 11க்கு லிஸ்ட்லயே இல்ல, அதனால தை மாச காசு வந்தா போர்டு மாத்தணும், அப்பவும் இதே கார்டும் இதே எஸ்எம்பிஎஸ்ஸும்தான்.

கடைக்குப் போறவங்க நாகேஸ்வரன் கோயில் பக்கம் வந்து மாடில கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவருன்னு கேளுங்க, பக்கத்துல பூக்கடைக்காரம்மா கை காட்டும். பன்னெண்டுக்குள்ள ஏறிடுங்க, சிபியுவோட பவர் கேபிளயும் உங்க எச்டிஎம்ஐ வயரையும் சேத்து எடுத்துட்டுப் போங்க, நான் விட்டுட்டுப் போயி "வயர் இல்லாம எதுக்கு வந்தீங்க"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீடாமங்கலம் வழியா வர்றவங்க ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்புங்க.